முதல் கதையும் இரண்டாம் கதையும்

(அறக்கட்டளைச் சொற்பொழிவு ஒன்றின் எழுத்து வடிவம்)

வை. மு. கோதைநாயகி அம்மாள் தம்முடைய முதல் படைப்பைத் தம் கையால் எழுதவில்லை. 1901இல் பிறந்து, பள்ளிக்கூடத்து வாசலை மிதிக்காமல், சின்னஞ்சிறு வயதிலேயே திருவல்லிக்கேணியில் வாழ்க்கைப்பட்டவர் அவர். அக்கம்பக்கத்துப் பிள்ளைகளைக் கூட்டிவைத்துக் கதை சொல்வதில் கெட்டிக்காரி. எழுதத்தான் வராது. ‘இந்திரமோகனா’ என்ற நாடகத்தை அவர் வாயால் சொல்லச் சொல்ல, தோழி பட்டம்மாள் பக்கத்தில் உட்கார்ந்து எழுதிக்கொடுத்தார். 1924இல் அது புத்தகமாயிற்று. மறு ஆண்டே ‘ஜகன்மோகினி’ பத்திரிகையை வாங்கி நடத்தத் தொடங்கிவிட்டார். பிற்பாடு எழுதவும் பழகி, 115 நாவல்கள் எழுதி முடித்தார்.

கதை எழுத ஆசைப்பட்டு இந்த அரங்கில் உட்கார்ந்திருக்கும் இளைஞர்களுக்காகத்தான் இந்தத் தகவல் முதலில் வருகிறது. தொடங்காமல் இருப்பதற்கு அவர்களிடம் காரணங்கள் நிறைய உண்டு. இலக்கணம் சரியாகத் தெரியாது, இலக்கியம் படித்த பட்டம் இல்லை, வீட்டில் தனி அறை இல்லை, இன்னும் நிறையப் படித்துவிட்டு எழுதலாம் என்று இருக்கிறோம் — இப்படி. தமிழ்ப் புனைகதையின் வரலாற்றை வைத்துப் பார்த்தால் இவற்றில் ஒன்றுகூட நிற்காது. ஜெயகாந்தன் ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். சுந்தர ராமசாமி தமிழை எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டதே பதினெட்டு வயதில். தோப்பில் முகமது மீரான் மலையாளத்தில் படித்தவர். அவருடைய ‘ஒரு கடலோர கிராமத்தின் கதை’ புத்தகமாக வந்த 1988இல் அவருக்கு வயது நாற்பதைத் தாண்டியிருந்தது. கி. ராஜநாராயணனின் ‘மாயமான்’ 1958இல் ‘சரஸ்வதி’யில் வந்தபோது அவரும் முப்பத்தைந்தை ஒட்டிய வயதில் இருந்த இடைசெவல் விவசாயி.

தகுதி பற்றிய பேச்சை இத்தோடு விட்டுவிடலாம். பேச வேண்டியது வேறு விஷயம்: இவர்களுடைய முதல் கதை எப்படி இருந்தது, அதற்குப் பிறகு அவர்கள் என்ன செய்தார்கள்?

முதல் கதை பெரும்பாலும் இரவல்தான். தனிமனிதர்களுக்கு மட்டுமல்ல, மொழிக்கே அப்படித்தான். தமிழின் முதல் சிறுகதை என்று பலராலும் சொல்லப்படும் வ. வே. சு. ஐயரின் ‘குளத்தங்கரை அரசமரம்’ 1915இல் ‘விவேகபோதினி’யில் வெளிவந்தது. ஒரு மரம் தன் நிழலில் நின்ற பெண்ணின் துயரத்தைச் சொல்கிறது. தாகூரின் வங்காளக் கதை ஒன்றில் ஆற்றங்கரைப் படித்துறை இப்படித்தான் பேசுகிறது. விமர்சகர்கள் இதைத் திரும்பத் திரும்பச் சுட்டிக்காட்டிவிட்டார்கள். ஐயரின் பெருமை அதனால் ஒன்றும் குறைந்துவிடவில்லை. படித்துறை அரசமரமான இடத்தில் ருக்மிணி வந்தாள், மாமியாரும் சீர்வரிசையும் வந்தன, நம் வீட்டுப் பேச்சு வந்தது. வடிவத்தைக் கடன் வாங்கி உள்ளே சொந்தச் சரக்கைப் போட்டார் ஐயர். தொடங்குகிறவருக்கு இது கௌரவமான வழி. வரிகளைத் திருடுவது வேறு. அதை வழி என்று சொல்ல முடியாது.

புதுமைப்பித்தனின் தொடக்கம் இன்னும் சுவாரஸ்யமானது. 1933இல் ‘காந்தி’ பத்திரிகையில் அச்சேறிய அவருடைய முதல் எழுத்து கதையே அல்ல, ‘குலோப்ஜான் காதல்’ என்ற நகைச்சுவைக் கட்டுரை. 1934இல் ‘மணிக்கொடி’யில் முதல் கதையாக ‘ஆற்றங்கரைப் பிள்ளையார்’ வந்தது. பிள்ளையார், ஆறு, மேடை என்று எல்லாமே ஏதோ ஒன்றுக்குக் குறியீடாக நிற்கும் உருவகக் கதை. இன்று அதைப் படிப்பவர்கள் புதுமைப்பித்தன் எழுதியது என்பதற்காகத்தான் படிக்கிறார்கள். ஆனால் அதே 1934இல், அதே ‘மணிக்கொடி’யில், ‘பொன்னகரம்’ வந்தது. குறியீட்டுப் பிள்ளையாரிடமிருந்து குதிரைவண்டிக்காரன் மனைவி அம்மாளுவிடம் அவர் வந்து சேர ஓர் ஆண்டுகூட ஆகவில்லை.

அந்த ஆண்டில் அவர் எழுதிக்கொண்டே இருந்தார். மோப்பஸான் தொடங்கி ருஷ்யர்கள் வரை அயல்நாட்டுக் கதைகளைத் தமிழாக்கினார். சிலவற்றைத் தழுவினார்; அந்தத் தழுவல்கள் பின்னாளில் பெரிய சர்ச்சையாகவும் ஆயின. பத்திரிகைக்குப் பக்கம் நிரப்ப வேண்டும், நாளைக்குள் கொடுக்க வேண்டும் என்ற நெருக்கடி இருந்தது. 1940இல் முதல் தொகுதி வருவதற்குள் அவர் ஊழியன், தினமணி என்று பத்திரிகை அலுவலகங்களில் ஆண்டுக்கணக்கில் உழைத்திருந்தார். மேதை என்ற சொல்லைப் போட்டு அவரை மூடிவிடுவது சுலபம். அந்த மேதைக்கும் ஒரு பட்டறை இருந்தது என்பதுதான் தொடங்குகிறவருக்குப் பயன்படும் செய்தி.

எல்லோருக்கும் இரண்டாம் கதை இவ்வளவு சீக்கிரம் கிடைத்துவிடுவதில்லை. சுஜாதாவின் முதல் கதை 1953இல் திருச்சியிலிருந்து வந்த ‘சிவாஜி’ பத்திரிகையில் வெளியானது. குமுதத்தில் ‘இடது ஓரத்தில்’ வந்தது 1962இல். நடுவில் ஒன்பது ஆண்டுகள். அம்பை பதின்ம வயதில் எழுதிய ‘நந்திமலைச் சாரலிலே’ ஒரு துப்பறியும் நாவல். ‘கண்ணன்’ இதழில் பரிசும் வாங்கியது. அடுத்து ‘அந்திமாலை’யும் கலைமகளில் பரிசு பெற்றது. பரிசு தந்த பாதையிலேயே போயிருந்தால் தமிழுக்கு இன்னொரு வெற்றிகரமான தொடர்கதை எழுத்தாளர் கிடைத்திருப்பார். அவரோ அதை விட்டு விலகி 1967இல் ‘சிறகுகள் முறியும்’ எழுதினார். கஞ்சத்தனமான ஒரு கணவனோடு வாழும் பெண்ணின் மனசுக்குள் நடப்பதுதான் கதை. அம்பையின் எழுத்து உண்மையில் அங்கேதான் தொடங்குகிறது.

இதிலிருந்து தெரிவது ஒன்று. முதல் கதை நன்றாக வர வேண்டும் என்று காத்திருப்பவர் நடக்காத ஒன்றுக்காகக் காத்திருக்கிறார். முதல் கதையை முடிக்க வேண்டும். அவ்வளவுதான் அதனிடம் எதிர்பார்க்க வேண்டியது. பாதியில் விட்ட பத்துக் கதைகளைவிட முடித்த ஒரு சுமாரான கதை அதிகம் கற்றுக்கொடுக்கும். ஏனென்றால் கதையின் கஷ்டமெல்லாம் பின்பாதியில்தான் இருக்கிறது. தொடக்கம் யாருக்கும் வரும். நடுவில் பாத்திரங்கள் செய்வதறியாமல் நிற்கும்போது அவர்களை நகர்த்துவதும், விபத்து, தற்கொலை, கனவு ஆகிய மூன்றின் துணையில்லாமல் கதையை முடிப்பதும்தான் வேலை.

முதலுக்கும் இரண்டாவதுக்கும் நடுவே என்ன செய்யலாம் என்று கேட்டால், சுந்தர ராமசாமியின் வழி ஒன்று இருக்கிறது. அவர் இருபது வயதை ஒட்டித் தகழியின் ‘தோட்டியின் மகன்’ நாவலை மலையாளத்திலிருந்து தமிழுக்குக் கொண்டுவந்தார். முதல் கதையான ‘முதலும் முடிவும்’ 1951இல் அவரே கொண்டுவந்த புதுமைப்பித்தன் நினைவு மலரில் வந்தது. மொழிபெயர்ப்பவர் ஒரு கதையைப் படிக்கும் வேகம் வேறு. வாசகன் தாண்டிப் போகும் இடத்தில் அவர் தாண்ட முடியாது. ஆசிரியர் இங்கே ஏன் பத்தியை முடித்தார், இந்தப் பேச்சுக்கு ஏன் பதில் வரவில்லை என்று ஒவ்வொன்றிலும் நின்றாக வேண்டும். இன்னொரு மொழி தெரிந்தவர்கள் ஒரே ஒரு சிறுகதையையாவது மொழிபெயர்த்துப் பார்க்கலாம். அச்சிட அல்ல, பழக.

கி. ரா.வின் வழி கடிதம். அவரும் கு. அழகிரிசாமியும் ஒரே ஊர்க்காரர்கள், ஒரே வயதுக்காரர்கள், சங்கீதப் பைத்தியங்கள். அழகிரிசாமி வேலைக்காகச் சென்னைக்குப் போன பிறகு இருவருக்கும் நடுவே கடிதங்கள் பறந்தன. அழகிரிசாமி எழுதியவை பின்னாளில் தனிப் புத்தகமாகவே வந்தன. எதிரில் ஓர் ஆள் இருக்கிறான், அவனுக்குச் சொல்ல வேண்டும் என்கிற நினைப்போடு எழுதுவதால் கடிதத்தில் பாசாங்கு நிற்காது. கி. ரா.வின் கதைகளில் கேட்கும் அந்தத் திண்ணைக் குரல் கடிதம் எழுதிப் பழகிய கையிலிருந்து வந்தது என்று நம்புவதற்கு இடமிருக்கிறது. இன்றைக்குக் கடிதம் எழுத ஆளில்லை என்பார்கள். ஒரு நண்பருக்குக் கைப்பேசியில் நீளமாக ஒரு சம்பவத்தைத் தட்டி அனுப்புகிறவர் அந்த வேலையைத்தான் செய்கிறார், தெரியாமலே.

வகுப்பில் உட்கார்ந்து கற்க முடியுமா என்ற கேள்விக்குத் தமிழில் ஒரு பழைய பதில் உண்டு. 1950ஐ ஒட்டி மலாயாவில் ‘தமிழ் நேசன்’ நாளிதழ் ‘கதை வகுப்பு’ என்றே ஒரு பகுதியை நடத்தியது. அதன் பின்னால் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் இருந்தார்கள். எழுத ஆசைப்பட்டவர்களுக்குப் பத்திரிகைப் பக்கத்திலேயே பாடமும் பயிற்சியும் கொடுத்தார்கள். மலேசியச் சிறுகதையின் வரலாற்றை எழுதுகிறவர்கள் இந்த வகுப்பைத் தொடாமல் போவதில்லை. சிறிது காலத்தில் அதே பத்திரிகைக்கு அழகிரிசாமியே ஆசிரியர் பொறுப்புக்குப் போய்ச் சேர்ந்தது இன்னொரு நல்ல பொருத்தம். கதை எழுதச் சொல்லிக்கொடுக்க முடியாது என்று மேடையில் அடித்துப் பேசுபவர்கள் இந்த வரலாற்றை ஒருமுறை பார்க்கலாம். ஞானத்தைச் சொல்லிக்கொடுக்க முடியாதுதான். ஆனால் வேண்டாத முதல் பத்தியை வெட்டச் சொல்லிக்கொடுக்க முடியும்.

அதை இங்கேயே செய்து பார்க்கலாம். புதியவர் ஒருவர் இப்படித் தொடங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம்:

“கீழ்வானம் சிவந்தது. புள்ளினங்கள் இன்னிசை பாடின. கதிரவன் தன் பொற்கரங்களை நீட்டினான். வறுமையில் வாடிய கூலித் தொழிலாளி முருகேசன் மனச்சுமையோடு கண்விழித்தான். குடும்பத்தை எப்படி நடத்துவது என்ற கவலை அவனை வாட்டியது.”

சூரியன் உதித்ததில் முருகேசனுக்கு ஒரு சம்பந்தமும் இல்லை. ‘வறுமை’, ‘மனச்சுமை’, ‘கவலை’ என்று மூன்று தீர்ப்புகளை ஆசிரியர் முதலிலேயே எழுதிவிட்டார். வாசகனுக்குச் செய்ய ஒன்றும் மிச்சமில்லை. மொத்தத்தையும் அடித்துவிட்டு, அவனை மளிகைக் கடை வாசலில் கொண்டுபோய் நிறுத்தினால்:

“பின்னால் வந்த பெண்ணுக்கும் சர்க்கரை நிறுத்துக் கொடுத்த பிறகுதான் அண்ணாச்சி முருகேசன் பக்கம் திரும்பினார்.

‘கால் கிலோ உளுந்து, அண்ணாச்சி.’

அவர் கணக்கு நோட்டை எடுக்கவில்லை. ‘பிள்ளைட்ட நேத்தே சொல்லி விட்டேனே’ என்றார்.

‘எந்தப் பிள்ளைட்ட?’

‘பெரியவகிட்ட.’

பெரியவள் வீட்டில் ஒன்றும் சொல்லவில்லை. முருகேசன் பையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டான்.”

இங்கே வறுமை என்ற சொல்லே இல்லை. காக்க வைக்கப்படுவதில் இருக்கிறது, திறக்காத நோட்டில் இருக்கிறது. அதைவிட முக்கியமாக, கதைக்குள் எதிர்பாராமல் ஒரு பெண் வந்துவிட்டாள். கடையில் பட்ட அவமானத்தை அப்பாவிடம் சொல்லாமல் ஒரு நாள் முழுக்க வைத்துக்கொண்டிருந்த பெரியவள். சூரிய உதயத்தை எழுதிக்கொண்டிருந்தபோது இந்த ஆசிரியருக்கே அவளைத் தெரியாது. இனி இது முருகேசனின் கதையா, அவளுடைய கதையா என்று அவர் முடிவுசெய்ய வேண்டும். கரு கிடைக்கவில்லை என்று அலைபவர்களுக்குக் கரு கிடைப்பது பெரும்பாலும் இப்படித்தான், எழுதிக்கொண்டிருக்கும்போது.

இந்தத் திருத்தத்திலும் ஒரு கோளாறு ஒளிந்திருக்கிறது. அண்ணாச்சி ‘திரும்பினார்’, முருகேசன் ‘வைத்துக்கொண்டான்’. இருவரும் ஏறக்குறைய ஒரே வயது, இருவரும் குடும்பஸ்தர்கள். கடைக்காரருக்கு ஆர் விகுதி, கூலிக்காரருக்கு ஆன் விகுதி — இதை யார் தீர்மானித்தது? கதை முருகேசனின் மனசுக்குள்ளிருந்து சொல்லப்படுகிறது என்றால் சரி. தன்னை அவன் என்றும் கடன் கொடுத்தவரை அவர் என்றும்தான் அந்த மனசு நினைக்கும். அப்படியில்லாமல் வெளியே நின்று சொல்கிற ஆசிரியரின் குரல் என்றால், அந்தக் குரல் கல்லாப் பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டது என்று அர்த்தம். தமிழில் எழுதுகிறவர் முதல் வினைமுற்றைப் போடும்போதே இந்தச் சிக்கல் வந்து நிற்கிறது. ஆசிரியர் வந்தார், துப்புரவுத் தொழிலாளி வந்தான், கிழவி வந்தாள் என்று கை தன்னால் எழுதிக்கொண்டு போகும். அது கதை எழுதும் கை அல்ல, ஊர்ப் பழக்கம். எல்லோருக்கும் ஆர் போட்டுவிடுவதும் தீர்வாகாது. கதை அரசு அறிக்கை மாதிரி ஆகிவிடும். யார் கண்ணால் பார்க்கிறோம் என்று முடிவுசெய்துவிட்டால் விகுதி தானாக அமையும். பெயரும் இப்படித்தான். நம் ஊரில் ஒரு பெயரை வைத்ததுமே மதமும் வட்டாரமும் சாதியும் தலைமுறையும் பாதி தெரிந்துவிடுகின்றன. ஆகவே ‘ரவி’, ‘கீதா’ என்று பொத்தாம்பொதுவாக வைத்துத் தப்பிக்கப் பார்ப்பவர்கள் கதையின் காலுக்குக் கீழே இருக்கும் மண்ணைத் தாங்களே எடுத்துவிடுகிறார்கள்.

பேச்சு வழக்கைப் பற்றி ஒரு வார்த்தை. கதை சொல்வது எழுத்துத் தமிழில், பாத்திரங்கள் பேசுவது பேச்சுத் தமிழில் என்ற ஏற்பாடு இன்று இயல்பாகிவிட்டது. அது போராடிப் பெற்ற ஏற்பாடு. புதுமைப்பித்தன் நெல்லைப் பேச்சைக் கொண்டுவந்தார். ஆர். சண்முகசுந்தரம் 1942இல் ‘நாகம்மாள்’ வழியாகக் கொங்குப் பேச்சை நாவலுக்குள் நிறுத்தினார். அப்போது அவருக்கு இருபத்தைந்து வயதுதான். கி. ரா. ஒருபடி மேலே போய், கரிசல் வழக்குக்கு ஓர் அகராதியே தொகுத்தார். தனக்குக் காதில் கேட்ட பேச்சை மட்டும் எழுதுவது நல்லது. சென்னையில் வளர்ந்தவர் சினிமாவில் கேட்ட மதுரைத் தமிழை எழுதினால் மதுரைக்காரர் இரண்டாம் வரியில் புத்தகத்தை மூடிவிடுவார்.

அழகிரிசாமியின் ‘ராஜா வந்திருக்கிறார்’ கதையைத் தொடங்குகிறவர்கள் ஒருமுறையாவது பென்சிலோடு படிக்க வேண்டும். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் எங்கள் வீட்டில் அது இருக்கிறது, இது இருக்கிறது என்று போட்டி போடுவதில் கதை தொடங்குகிறது. வீட்டில் ஒன்றுமில்லாத பிள்ளைகளின் வீட்டுக்குத் தீபாவளி நேரத்தில் ஓர் அனாதைப் பையன் வருகிறான், உடம்பெல்லாம் சிரங்கோடு. அவன் பெயர் ராஜா. அந்தத் தாய் அவனைக் குளிப்பாட்டி, இருக்கிற துணியில் ஒன்றைக் கொடுக்கிறாள். பணக்கார வீட்டுக்கும் ஒரு ராஜா, ஜமீன் மாப்பிள்ளை, வரப்போகிறார். தொடக்கத்தில் வெறும் விளையாட்டாக இருந்த அந்தப் போட்டி முடிவில் எப்படித் திரும்பி வருகிறது, அதற்காக ஆசிரியர் நடுவில் எதையெல்லாம் சொல்லாமல் விட்டார் என்று கோடு போட்டுப் படித்தால் ஒரு பட்டறைக்குப் போன பலன் கிடைக்கும். தாயின் கருணையைப் பாராட்டி அழகிரிசாமி எங்கும் பிரசங்கம் செய்வதில்லை. அவளுடைய கைகள் செய்வதை மட்டும் சொல்கிறார்.

எங்கே, எப்போது எழுதுவது? அசோகமித்திரன் ஜெமினி ஸ்டூடியோவில் பத்திரிகைச் செய்திகளை வெட்டிக் கோப்பில் ஒட்டும் வேலை பார்த்தவர். 1966இல் அந்த வேலையை விட்டார். வீட்டில் வசதி போதாமல் தியாகராய நகர் நடேசன் பூங்காவில் உட்கார்ந்து எழுதியிருக்கிறார். யாரும் பொருட்படுத்தாத அந்த உத்தியோகத்தில் உட்கார்ந்தபடி பார்த்த சினிமா உலகம்தான் ‘கரைந்த நிழல்கள்’. எழுத்துக்கு ஏற்ற வாழ்க்கை அமையட்டும் என்று அவர் காத்திருக்கவில்லை.

எழுதி முடித்ததைச் சில நாள் எடுத்துப் பார்க்காமல் வைத்திருந்து, பிறகு வாய்விட்டுப் படிக்க வேண்டும். நாக்கு தடுக்கும் இடத்தில் வாக்கியம் தப்பு. யாரிடம் காட்டுவது என்பதும் முக்கியம். பாராட்டவே பிறந்த அத்தையிடம் வேண்டாம். கதை படிக்கிற பழக்கமுள்ள ஒருவரிடம் கொடுத்து, “நன்றாக இருக்கிறதா?” என்று கேட்காமல், “எந்த இடத்தில் அலுத்தது?” என்று கேட்க வேண்டும். ஒரே கதையை ஒரே நேரத்தில் இரண்டு பத்திரிகைகளுக்கு அனுப்பக் கூடாது. அனுப்பியதை மறந்துவிட்டு அடுத்ததில் உட்கார வேண்டும். பதில் வருகிறவரை எழுதாமல் இருப்பதுதான் புதியவர்கள் பலரும் நின்றுபோகும் இடம்.

புதுமைப்பித்தனின் எழுத்துகளைத் தமிழ்நாடு அரசு 2002இல் நாட்டுடைமையாக்கியது. ‘ஆற்றங்கரைப் பிள்ளையா’ரையும் ‘பொன்னகர’த்தையும் இன்று யாரும் காசு கொடுக்காமல் இணையத்தில் எடுத்துப் படிக்கலாம். இன்றிரவே இரண்டையும் அடுத்தடுத்துப் படியுங்கள். அரைமணி நேரம் போதும். படித்த பிறகு, மேசை டிராயரில் பாதியில் கிடக்கும் உங்கள் கதையை எடுத்து, நன்றாக வருகிறதோ இல்லையோ, இந்த மாதத்துக்குள் முடித்துவிடுங்கள். இரண்டாவதை அடுத்த மாதம் ஆரம்பிக்கலாம்.